அலுத்தவர் அடுப்பு

உணவின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் விருந்தின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். அரண்மனைப் பந்தியில் எத்தனை கறிகள் படைக்கப்பட்டன, கோயில் மடைப்பள்ளிக்கு எத்தனை படி அரிசி அளக்கப்பட்டது என்பனவற்றைக் கல்வெட்டும் ஏடும் கருத்தோடு குறித்து வைத்தன. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வீடு திரும்பிய ஒருவனோ ஒருத்தியோ, அடுப்பை மூட்டவும் கை எழாத வேளையில் எதை உண்டு உறங்கினர் என்பதைக் குறித்து வைத்தோர் மிகச் சிலர். ஆயினும், மனிதர் உண்ட வேளைகளையெல்லாம் எண்ணிப் பார்த்தால், விருந்து வேளைகள் சிலவே. அலுத்த வேளைகளே பல. அந்த வேளைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிய விரும்புவோர்க்கு மன்னார்த்தீவின் கரையோரம் நல்லதொரு பாடநூலாக விளங்குகின்றது.

மன்னார் நகருக்கு அண்மையில், மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த மீனவர் ஊர் தாழ்வுபாடு. கரைவலை இழுப்பதற்குரிய கரைப்பகுதியைப் 'பாடு' என்பது மீனவர் வழக்கு. அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது இவ்வூர். கரைவலை என்பது ஒருவர் இருவரால் ஆகும் தொழில் அன்று. வலையைத் தோணியில் ஏற்றிச் சென்று கடலில் வளைத்து விட்டபின், இருபுறத்தும் நின்று பலர் கூடிக் கயிற்றைப் பற்றி மணிக்கணக்காக இழுத்தல் வேண்டும். மடி கரை சேர்ந்ததும் தொழில் முடிந்துவிடுவதில்லை. மீனை இனம் பிரித்தல், விற்றல், எஞ்சியதை வெட்டி உப்பிடுதல், வலையை உலர்த்திப் பொத்தல்களைச் சீர்செய்தல் என வேலை தொடர்ந்து நிற்கும். கடலுக்குக் கடிகாரம் இல்லை. காற்றும் நீரோட்டமும் இசைந்த வேளையே தொழில் வேளை. ஆகவே, உண்ணும் வேளையும் தொழிலுக்குப் பின்னே ஒதுங்கி நின்றது.

இத்தகைய வாழ்வில் அடுப்படி எவ்வாறு ஈடுகொடுத்தது? உலையேற்றி, அரைத்து, தாளித்து, மூன்று கறி ஆக்கிப் படைப்பதற்கு நேரமும் இல்லை. உடலில் வலுவும் இல்லை. எனினும், பசித்திருந்தவர்க்குச் சிறிது நேரத்தில் சூடான உணவு கிடைத்தது. அதன் மறைபொருள் ஒன்றே. உணவு விரைவாக ஆயத்தமாவதால் உழைப்பு இல்லாமற் போய்விடுவதில்லை. அவ்வுழைப்பு வேறொரு நாளில், பெரும்பாலும் வேறொருவர் கையால், முன்னரே முடிந்திருக்கின்றது. அது வெயிலில் உலர்த்தப்பட்டு, உப்பில் ஊறி, ஓலைப் பெட்டியில் காத்துக் கிடக்கின்றது. மன்னார்க் கரையின் விரைவுணவு ஒவ்வொன்றும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும்.

முதற் சான்று கருவாடு. கடற்கரைத் தமிழர் இதனை நேற்று இன்று அறிந்தவர் அல்லர். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக்கு வந்த பாணர் கூட்டத்துக்கு உலர்ந்த குழல்மீனைச் சுட்டு அளிக்கும் வழக்கம் பேசப்படுகின்றது. முன்னறிவிப்பின்றி வந்த பசித்த விருந்தினர்க்கு உலர்ந்த மீனைத் தணலில் வாட்டிக் கொடுப்பதைவிட விரைவான உபசாரம் வேறு யாது? ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அம்முறை மாறவில்லை. கட்டா, சுறா, திருக்கை, நெத்தலி எனப் பலவகைக் கருவாடுகள் மன்னாரிலிருந்து இன்றும் தென்னிலங்கைச் சந்தைகள் வரை செல்கின்றன. பெரிய மீனைக் கீறி, குடல் நீக்கிக் கழுவி, உப்பிட்டுச் சில நாள்கள் வெயிலில் காயவைத்தல் வேண்டும். நெத்தலி போன்ற சிறு மீனுக்குப் பரப்பி வைத்த வெயிலே போதும். மழை தூறினாலும் பனி இறங்கினாலும் எடுத்து மூடுவதற்கு ஒருவர் காவல் இருத்தல் வேண்டும். அக்காவலிருப்பு பெரும்பாலும் பெண்களின் பங்கு. இத்தனை நாள் உழைப்பும் முடிந்தபின், தணலில் ஐந்து நிமிடம் வாட்டிய கருவாட்டுத் துண்டு ஒன்று ஒரு சட்டிச் சோற்றை உண்ணச் செய்துவிடுகின்றது. உண்பவர் காண்பது அந்த ஐந்து நிமிடத்தையே.

இரண்டாம் சான்று பனை. மன்னார்த்தீவு மணற்பாங்கான நிலம். நெல் விளைவது பெரும்பாலும் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் பெருநிலப்பரப்பிலேயே. தீவிலுள்ளார்க்கு அரிசி விலை கொடுத்து வாங்கும் பொருள். பனையோ வாசலில் நிற்கும் பொருள். பனங்கொட்டைகளை மணற்பாத்தியில் புதைத்து, மழைக்காலம் கழிந்து முளைத்த கிழங்கைக் கிண்டி எடுப்பர். பச்சைக் கிழங்கை இரண்டாகக் கிழித்து உலர்த்தினால் அது ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். புழுக்கொடியலுக்கு அடுப்பே வேண்டியதில்லை. ஒரு துண்டு தேங்காயைத் துணைசேர்த்துக் கடித்து மென்றால் அதுவே ஒரு வேளை ஆகாரம். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவிட்டுக் கசப்பு நீக்கினால், பிட்டுக்கும் கூழுக்கும் ஆகும்.

கூழின் பெருமை அதன் ஒற்றைப் பானையில் இருக்கின்றது. மீன், நண்டு, இறால், கணவாய் என அன்று கிடைத்தது எதுவோ அது. மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை என வீட்டில் இருந்தது எதுவோ அது. எல்லாம் ஒரே பானையில் வேகும்போது கரைத்த ஒடியல்மாவும், அரைத்த மிளகாயும், புளியும் சேர்ந்து அதனைத் தடிப்பாக்கும். சோறு வேறு, கறி வேறு என்ற பகுப்பு அங்கு இல்லை. பல பாத்திரம் துலக்கும் தொல்லையும் இல்லை. பனையோலையைக் கோலிய பிளாவில் ஊற்றிக் குடித்தபின் பிளாவை எறிந்துவிடலாம். விலைபோகாத சில்லறை மீனும் வீணாகாமல் உணவாயிற்று. இன்று விருந்துக்குரிய சிறப்புணவாகக் கூழ் போற்றப்படினும், அதன் பிறப்பு அலுத்தவர் பானையில்தான் என்பதை அதன் அமைப்பே காட்டிக் கொடுக்கின்றது.

விறகும் இக்கணக்கில் சேரும். பனையின் காவோலை நொடியில் பற்றி எரியும். கிழங்கு எடுத்தபின் எஞ்சிய ஊமல் நின்று எரிந்து நல்ல தணல் தரும். ஒன்று விரைந்து உலை கொதிக்கவும், மற்றொன்று கருவாடு வாட்டவும் உதவியது. உணவையும், அதனை ஆக்கும் எரிபொருளையும், உண்ணும் கலத்தையும் ஒரே மரம் கொடுத்தது.

மூன்றாம் சான்று பழஞ்சோறு. இரவில் எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மூடி வைத்தால், நுண்ணுயிர்களின் செயலால் அது இலேசாகப் புளித்து, வெப்ப நாட்டிலும் விடியும்வரை கெடாது நிற்கும். காலையில் அதனைப் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு, முந்திய நாள் மீன்கறி சட்டியின் அடியில் இருந்தால் அதனையும் வழித்துச் சேர்த்து உண்டு தொழிலுக்குச் செல்வர். குளிரூட்டும் பெட்டி இல்லாத காலத்தில், சோற்றைக் காக்கவும் காலைச் சமையலைத் தவிர்க்கவும் ஒரு குடம் நீரே போதுமாயிருந்தது. இதனை வறுமையின் அடையாளமாகக் கருதி நாணியவர் பலர். உண்மையில் அது வேதியியலைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்திய அறிவின் அடையாளம்.

நான்காவது சான்று கடல் கடந்து வந்தது. மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, 1340களில் மாலைதீவில் தங்கியிருந்தபோது, அங்குள்ளோர் மீனைத் துண்டுகளாக்கி, இலேசாக அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் உலர்த்துவதையும், அது இந்தியா, சீனா, ஏமன் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியாவதையும் எழுதி வைத்தார். 1344இல் அவர் இலங்கைக்கும் வந்தார். அவர் கண்ட அம்மீனே இலங்கைத் தமிழர் மாசிக் கருவாடு என்று வழங்குவது. கல்லைப்போல் இறுகிய அதனைச் சிறிது இடித்துத் தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளி ஆகியவற்றுடன் சேர்த்தால் சம்பல் ஆயிற்று. வேறு கறி எதுவும் இன்றிப் பிட்டோ, இடியப்பமோ, சோறோ உண்ண அச்சம்பல் போதும். தேங்காய்ப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் இட்டுக் கொதிக்கவைத்துப் புளி விட்ட சொதி அதனோடு சேர்ந்துவிட்டால், கால் மணி நேரத்தில் ஒரு நிறைவான உணவு முடிந்தது.

அச்சம்பலின் மிளகாய் தமிழர்க்குப் புதிது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஆசியக் கரைகளுக்குக் கொணர்ந்தனர். அதற்கு முன் உறைப்புத் தந்தது மிளகு. பழந்தமிழில் 'கறி' என்ற சொல்லுக்கே மிளகு என்பது ஒரு பொருள். புதிய காயும் மிளகைப்போல் உறைத்தமையால் மிளகாய் எனப் பெயர் பெற்றது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி மாறினாலும் சில சொற்கள் தங்கிவிட்டன. சமையலறைக்குக் குசினி என்ற பெயரும், பாண் என்ற பெயரும், விசுக்கோத்து என்ற பெயரும் போர்த்துக்கேய மொழி விட்டுச் சென்றவை. விசுக்கோத்து என்ற சொல்லின் மூலப்பொருள் 'இருமுறை சுட்டது' என்பதாகும். நெடுங்கடற் பயணத்தில் கெடாதிருக்க ஈரம் முற்றும் போகுமாறு சுட்டு எடுத்த ரொட்டி அது. தோணிக்காரன் ஒடியல் செய்த வேலையைக் கப்பற்காரன் விசுக்கோத்துச் செய்தது எனலாம்.

கண்டியரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தோழர் ஒருவருடன் காட்டுவழியே தப்பி, மல்வத்து ஓயாவைப் பற்றி நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்பை வந்தடைந்தார். அங்கிருந்து மன்னாருக்கு அனுப்பப்பட்டார். புறப்படும்போது சில நாள்களுக்கான அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு ஆகியவற்றையும், சமைக்க ஒரு பாத்திரத்தையும் கொண்டு சென்றதாக அவரே எழுதியுள்ளார். புகை எழுந்தால் பிடிபட நேரும் என்ற அச்சத்தோடு நடந்தவர்க்கு, சுருங்கக் கட்டிய அம்மூட்டை உயிர்மூட்டையாக இருந்தது. களைப்பின்போது கைகொடுப்பது முன்னரே ஆயத்தம் செய்த உணவே என்பதை மன்னார்க் கரை நோக்கி நடந்த அந்நியரும் அறிந்திருந்தனர்.

பாண் என்ற சொல் பதினாறாம் நூற்றாண்டில் வந்ததாயினும், பாண் பெருவழக்காக ஊர்களுக்குள் வந்தது இருபதாம் நூற்றாண்டில். அதற்கும் ஒரு போரே காரணமாயிற்று. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும், இலங்கை நெடுங்காலம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. மாவை அவித்து அரித்துப் பிட்டாக்கவும் இடியப்பமாக்கவும் குடும்பப் பெண்கள் பழகிக்கொண்டனர். போர் முடிந்தும் மா போகவில்லை. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடு கொதித்தெழுந்தது. ஆகஸ்டு 12ஆம் நாள் நடந்த ஹர்த்தாலைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி ஓர் அரசை அசைத்தது.

அலுத்தவர்க்குப் பாண் செய்த உதவியை மறுத்தல் நியாயமன்று. அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. நெல் குற்ற வேண்டியதில்லை. மா வறுக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கி, சம்பலோடோ முந்திய நாள் மீன் குழம்போடோ உண்டுவிடலாம். ஆனால், இங்கே ஒரு மாற்றம் அமைதியாக நிகழ்ந்துவிட்டது. ஒடியலின் உழைப்பு அயல் வளவில் நடந்தது. பாணின் உழைப்பு கண்காணாத நாட்டு வயலில் நடந்தது. கோதுமை இலங்கை மண்ணில் விளைந்து வருவதன்று. 1970களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி அருகி மா இறக்குமதி தடைப்பட்டபோது, நாடெங்கும் பாண் கடைகளின் முன் விடியுமுன்னரே மக்கள் வரிசையில் நின்றனர். சமைக்க நேரமில்லை என்று பாணை நம்பியவர், பாணுக்காக மணிக்கணக்கில் நிற்க நேர்ந்தது. அன்று பலருடைய பசி தீர்த்தது மரவள்ளிக் கிழங்கு. 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கிற்று. அதில் அரைபடும் தானியமும் கப்பலில்தான் வந்தது.

இதே போக்கில் உலகம் முழுதும் விரைவுணவு உருமாறிக் கொண்டிருந்தது. 1958இல் யப்பானியரான மோமோஃபுக்கு அண்டோ, மாவிழைகளை எண்ணெயில் பொரித்து ஈரம் போக்கி, கொதிநீர் ஊற்றியதும் உண்ணத்தக்க உடனடி நூடில்சை விற்பனைக்குக் கொணர்ந்தார். பின்னர் அது இலங்கைக் கடைகளிலும் இடம்பிடித்தது. அதனைப் புதுமை என்று உலகம் வியந்தது. உலர்த்தி வைத்ததை நீரூற்றி உயிர்ப்பித்தல் என்ற அதன் தத்துவமோ, ஒடியல் உலர்த்திய மூதாட்டிக்குப் புதிதன்று. வேறுபாடு ஒன்றே: மூதாட்டியின் ஒடியல் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது, நூடில்சு காசு கொடுத்தால்தான் வீட்டுக்கு வரும்.

அவ்வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைப் போர்க்காலம் காட்டியது. 1990ஆம் ஆண்டில் மன்னாரிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் படகேறி இராமேசுவரம் சென்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த்தீவின் முஸ்லிம்களும் கைக்கொண்டதோடு புத்தளப் பகுதியை அடைந்தனர். பின்னர் நெடுங்காலம் இடம்பெயர்ந்தோர் பலர் அரிசி, மா, பருப்பு, சீனி என நிறுத்துக் கொடுக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு வாழ்ந்தனர். அதற்கு அரச ஏடுகள் இட்ட பெயர் 'உலர் உணவு நிவாரணம்'. உலர் உணவைத் தம் கையால் ஆக்கி ஊர்களுக்கு அனுப்பிய மக்கள், அதே பெயரால் கையேந்தி நிற்க நேர்ந்தமை வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அப்பாடத்தை மீண்டும் சொல்லிற்று. சமையல் எரிவாயு அரிதாயிற்று. மாவின் விலையும் பாணின் விலையும் ஏறின. மண்ணெண்ணெய் இன்றி மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. விறகடுப்பை மறந்த வீடுகளில் மீண்டும் விறகு புகைந்தது. விரைவாக ஆக்குதற்குரிய வசதிகள் யாவும் ஒருங்கே கைவிட்டபோது, வீட்டில் உலர்த்தி வைத்திருந்தவர்க்கு இரண்டொரு வேளையேனும் கவலை குறைந்தது.

இவற்றைக் கூறுவதால் பழமை யாவும் பொற்காலம் என்று கொள்ளுதல் கூடாது. ஒடியலை உரலில் இடித்தவளின் தோள்வலியும், கருவாட்டுக்குக் காவலிருந்தவளின் வெயிற்கொடுமையும் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஆணின் களைப்பு கரையில் எல்லோரும் காண முடிந்தது. அவன் களைப்பாறும் வேளையில் அடுப்பருகே நின்றவளின் களைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றாட வேலை முடிந்தபின் நாளைய விரைவுணவுக்கான வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. பாணும் அரைத்த மாவும் அவளுக்கு ஓரளவு ஓய்வு தந்தன என்பது உண்மை. உப்புக் கருவாட்டை நாளும் மிகுதியாக உண்பது குருதி அழுத்தமுள்ளோர்க்கு ஏற்றதன்று என்பதும் மறக்கத்தக்கதன்று.

எனினும், அவ்வறிவைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. சுமையைப் பகிர்ந்துகொள்வதே தேவை. இடிக்கும் வேலையை இன்று ஆலை செய்கின்றது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஒடியல் மாவைப் பொதிகளாக்கி விற்கின்றது. வறுத்த அரிசிமா ஒரு பேணியில் இருந்தால் நீத்துப்பெட்டியில் பிட்டு அவிவதற்குச் சில நிமிடங்கள் போதும். அது அவியும் வேளைக்குள் சொதி கொதித்துவிடும். அடுப்பின் தணலில் கருவாடும் வாடிவிடும். ஓய்வான ஒரு நாளில், ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து மாவை வறுத்து, மீனை உலர்த்தி, சம்பலுக்கு மாசியை இடித்து வைக்கும் வீட்டில், களைத்த நாள் ஒருவரை மட்டும் வாட்டுவதில்லை.

தாழ்வுபாட்டுக் கரையில் வலை ஒருவர் கையால் கரை சேர்வதில்லை. பலர் பற்றிய கயிறே பாரத்தை இழுக்கின்றது. அடுப்பின் பாரமும் அத்தகையதே.